மாப்பிள்ளையின் ஈரல்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வந்தவரை எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்பதில்தான் பெண் வீட்டின் மானம் இருக்கிறது. அந்த மானத்தை என் உம்மா றபீக்கா மாப்பிள்ளையின் வயிற்றில் அளந்தாள். என் புருஷன் றிபாத் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆவதற்குள் அவருடைய காற்சட்டைகளை எல்லாம் இடுப்பில் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. தையற்காரியிடம் உம்மா அதை ரகசியமாகவா சொன்னாள்? தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

றிபாத்துக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை. இறக்காமம் பக்கத்துக் குளங்களையும் வாய்க்கால்களையும் பார்க்கிறவர். நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அது என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும், றிபாத்துக்குக் கல்யாணம் முடிந்த இரண்டாம் கிழமையே தெரிந்துபோனது. வாப்பா மௌத்தான பிறகு உம்மாவும் நானும் மட்டும் இருந்த வீடு எங்களுடையது. இத்தனை வருடம் சமைத்துப் போட ஆளில்லாமல் இருந்த உம்மாவுக்குக் கை அரிப்பு. காலையில் பால் அப்பம், பத்து மணிக்குப் பொதி கட்டிய சோறு, பின்னேரம் முட்டையும் சர்க்கரையும் சேர்த்த வட்டிலப்பம், இடையில் எருமைத் தயிரும் இனிப்புப் பாணியும். வேண்டாம் என்றால் முகம் சுருங்கிவிடும். மாப்பிள்ளைக்கு மாமியின் முகம் சுருங்குவதைப் பார்க்கும் தைரியம் கிடையாது.

நிந்தவூரில் இருக்கும் அவருடைய மூத்த சகோதரி ஜெமீலா ராத்தாவின் கண்கள் மஞ்சளானது அந்த நாட்களில்தான். உடம்பைக் காக்க வேண்டிய காவலே அவருடைய ஈரலைத் தாக்கிக்கொண்டிருந்ததாம். ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கட்டி, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டியது. நாற்பது வயது, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். மாற்று ஈரல் வைக்காவிட்டால் மதினி தப்பமாட்டார் என்று கொழும்பில் சொல்லிவிட்டார்கள். உயிரோடு இருக்கிற ஒருவர் தன் ஈரலில் ஒரு பங்கைக் கொடுக்கலாம். மதினியின் புருஷனான மச்சானின் இரத்தம் பொருந்தவில்லை. இளைய தம்பி மசூருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. மிச்சம் இருந்தது றிபாத்.

“ரெண்டாப் பிரிச்சாலும் ரெண்டும் வளருமாம்” என்று என்னிடம் சொன்னபோது அவர் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. பதறியது நான்தான். ஈரல் வளரும் என்று வருடா வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள் நான். புத்தகத்து ஈரல் வேறு, கட்டின புருஷனின் ஈரல் வேறு. இரண்டு நாள் அழுதேன், அவரோடு சண்டை பிடித்தேன், பிறகு நிந்தவூருக்குப் போய் மதினியைப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்திருந்தபடி சின்ன மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். பின்னி முடிக்க முடியாமல் கை சோர்ந்து, பிள்ளை தானே மிச்சத்தைப் பின்னிக்கொண்டது. அன்றைக்கு நான் சம்மதித்து ஓம் என்றேன்.

ஆனால் கொழும்பு ஓம் என்று சொல்லவில்லை. றிபாத்தின் ஈரலை ஸ்கேன் செய்து பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் தலையை ஆட்டினார். ஈரலில் கால்வாசிக்கும் மேல் கொழுப்பு. இந்த ஈரலை வெட்டினால் கொடுக்கிறவருக்கும் ஆபத்து, எடுத்து வைத்தால் ஒழுங்காக வேலை செய்யுமோ தெரியாது. சீனியையும் மாவையும் நிறுத்தி, சாப்பாட்டை அளவாக்கி, தினமும் நடந்து, மூன்று மாதத்துக்குள் இந்தக் கொழுப்பைக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார். பட்டினி மட்டும் கிடக்க வேண்டாம் என்றும் சொன்னார். அதைக் காதில் வாங்காமல்தான் பஸ் ஏறினோம்.

“கொழுப்பு எண்டா சட்டியில உறைஞ்சு ஒட்டின மாதிரி கிடக்கிற சாமான் எண்டுதானே நான் நினைச்சன்” என்றார் றிபாத், பஸ் புறப்பட்டதும்.

“அப்பிடியில்ல. ஒவ்வொரு ஈரற் கலத்துக்குள்ளயும் சின்னச் சின்னத் துளியா இரிக்கி. துளியைச் சுத்தி மெல்லிய படலம். படலத்தில காவலுக்குப் புரதம் இரிக்கி. சாப்பிட்டு வயிறு நிறைஞ்சா இன்சுலின் வந்து, சேமி எண்டு சொல்லும். அப்ப காவல் ஒருத்தரையும் உள்ள விடாது. பசிச்சா வேற கட்டளை வரும். காவல் விலகும், நொதியங்கள் உள்ள போய்க் கொழுப்பை வெட்டி வெட்டி எரிக்க அனுப்பும்.”

அவர் யன்னல் பக்கமிருந்து என் பக்கம் திரும்பினார். “அப்ப இது குளம்தானே. மழை பெய்தா துருசை மூடுறம், வயல் கேட்டாத் திறக்கிறம். என்ட குளத்து வட்டவிதானை நித்திரை போல.”

துருசு என்பது குளத்து மதகு, வட்டவிதானை என்றால் எங்கள் வயல்களில் எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று பார்க்கிறவர். எனக்குச் சிரிப்பு வந்தது. “அவர் நல்ல முழிப்பாத்தான் இரிக்கார். எங்கட உம்மா துருசைத் திறக்க விட்டாத்தானே? மூண்டு நேரமும் அடைமழை.”

சிரித்தாலும் பிரச்சினை அங்கேதான் இருந்தது. உம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல இரண்டு பேருக்கும் பயம். புது மாப்பிள்ளை மேல் கத்தி வைக்க விடமாட்டேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றால் வீடு இரண்டாகும். விஷயத்தைச் சொல்லாமல் சாப்பாட்டை மட்டும் குறைக்கவும் முடியாது. ‘மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டுச் சோறு பிடிக்கவில்லையாம்’ என்று கதை கல்முனை வரைக்கும் போய்த் திரும்பி வரும். மாமியின் சாப்பாட்டை மறுக்க எங்கள் ஊரில் ஒரு மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அதை றிபாத்தான் கண்டுபிடித்தார்.

“நோன்பு பிடிப்பம்” என்றார். “ராத்தாவுக்குச் சுகம் கிடைக்க வேணும் எண்ட நிய்யத்தோட. பொய்யும் இல்ல, மாமி ஒண்டும் சொல்லவும் ஏலாது.”

எனக்கும் அது அருமையான யோசனையாகப் பட்டது. பகல் முழுக்கத் துருசு திறந்திருக்கும், துளி கரையும் என்று கணக்குப் போட்டேன். படித்த மனுஷி நான். ஆனால் மாலை என்று ஒன்று இருப்பதை யோசிக்கவில்லை.

முதல் நாள் உம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “ராத்தாவுக்காக நோன்பு பிடிக்கிற மருமகன் ஆருக்குக் கிடைக்கும் புள்ள?” என்று என்னிடமே கேட்டாள். அடுத்தது என்ன செய்வாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நோன்பாளிக்குச் சாப்பாடு கொடுத்தால் நோன்பாளியின் நன்மை கொடுத்தவருக்கும் கிடைக்கும். அந்த நன்மையை உம்மா ஒருத்தி மட்டும் வைத்துக்கொள்ளவில்லை, தெருவுக்கே பங்கு வைத்தாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தட்டுகள் வரத் தொடங்கும். பக்கத்து வீட்டில் எனக்கு அக்கா முறையான ஸம்ஸியா தாத்தாவிடமிருந்து இறைச்சிக் கஞ்சி, எதிர் வீட்டிலிருந்து ரோல்ஸும் சமூசாவும், மூலை வீட்டிலிருந்து தொதல் இனிப்பு. உம்மாவின் பங்குக்குப் பேரீச்சம்பழம், தேங்காய்ப் பாலில் செய்த கட்டிக் கஞ்சி, கடல்பாசி ஜெலி, ஒரு ஜக்கு நிறையச் சிவப்புச் சர்பத். நோன்பு மாதம் வர இன்னும் எவ்வளவோ நாள் கிடந்தது. எங்கள் வீட்டில் மட்டும் தினமும் நோன்பு திறக்கிற விருந்து.

ஒவ்வொரு தட்டிலும் ஒரு வாயாவது வைக்காவிட்டால் அனுப்பினவரின் மனம் நோகும். பசியோடு இருந்தவருக்கு அந்த ஒரு வாய் ஒரு வாயாகவும் நிற்கவில்லை. சாப்பிட்ட மயக்கத்தில் நடைக்கும் போவதில்லை. இருந்தும் அவர் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. அதைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும், கொழுப்புக் கரைகிறது என்று ரகசியமாகச் சந்தோஷப்பட்டோம்.

ஈரல் கொழுப்பை அளக்கும் கருவி கல்முனையில் டொக்டர் வில்பிரட்டிடம் இருந்தது. மதினியையும் அவர்தான் இங்கே பார்த்துக்கொண்டிருந்தார். நோன்பு தொடங்கி ஒரு மாதம் ஆனதும், கொழும்புக்குப் போக முதல் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போனோம். அளந்தார், இன்னொருமுறை அளந்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கூடியிரிக்கே, றிபாத். என்ன செய்தீங்க?”

நோன்பு என்று சொன்னோம்.

“நோன்பில பிழையில்ல. என்னத்தால திறக்கிறீங்க?”

றிபாத் என்னைப் பார்த்தார். நான் தட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல டொக்டரின் புருவம் மேலே போனது.

“டீச்சர், நீங்களே உயிரியல் படிப்பிக்கிறீங்க” என்றார் மெதுவாக. “பகலெல்லாம் உடம்பில மற்ற இடத்தில கிடக்கிற கொழுப்பெல்லாம் கரைஞ்சு ஈரலுக்கு வருது, எரிக்கிறதுக்கு. ஈரல் எரிச்சு முடிக்க முதல் பின்னேரம் நீங்க சீனி வெள்ளத்தைத் திறந்து விடுறீங்க. இன்சுலின் ஓடி வந்து எரிக்கிறத நிப்பாட்டுது. வந்த கொழுப்பும் துளிக்குள்ள, சீனியில செய்த புதுக் கொழுப்பும் துளிக்குள்ள. ஒரே நாளில ரெண்டு பக்கத்தாலயும் நிரப்பியிரிக்கீங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஜெமீலாவுக்கு நேற்றும் வயித்தில தண்ணி எடுத்தம். அவவுக்குக் கனக்க நேரம் இல்ல.”

வீட்டுக்கு வந்தபோது மாலை. மேசை நிறையத் தட்டு. உம்மா சர்பத்துக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள். “வாங்க மகன், வாங்கு சொல்லப் போறாங்க” என்று ஒரு கிளாஸை நீட்டினாள். எனக்குள் என்னவோ அறுந்தது. கிளாஸை அவள் கையிலிருந்து பிடுங்கி மேசையில் அடித்து வைத்தேன்.

“போதும் உம்மா! நீங்க சோறு போடுறீங்களா, மதினிக்கு மையத்துக் குழி வெட்டுறீங்களா?”

சர்பத் மேசை விரிப்பில் பரவிக்கொண்டு போனது. அதைத் துடைக்கக்கூட உம்மா அசையவில்லை. றிபாத் என் தோளைப் பிடித்தார். பிறகு அவர்தான் எல்லாவற்றையும் சொன்னார். கொழும்பு, ஈரல், கால்வாசிக் கொழுப்பு, நோன்பு, இன்றைய அளவு. சொல்லி முடிக்கும்போது பள்ளிவாசலில் வாங்கு சொன்னார்கள். ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொண்டார்.

“ஏன் என்னட்டச் சொல்லல்ல?” என்று உம்மா கேட்டாள்.

“நீங்க வேணாம் எண்டு சொல்லிருவீங்க எண்டு பயம் மாமி.”

“ஓம். சொல்லியிருப்பன்.” உம்மா கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். “வேணாம் எண்டுதான் சொல்லியிருப்பன். ஒரு நாள் அழுதிருப்பன். அதுக்குப் பிறகு நிந்தவூருக்குப் போய் அந்தப் புள்ளைட முகத்தப் பாத்திருப்பன். பாத்தவள் எப்பிடி மகன் வேணாம் எண்டு சொல்லுவாள்? அந்த ஒரு நாளை எனக்குத் தராம, ஒங்கட ரெண்டு பேர்ட பயத்தில ஒரு மாசத்தை அவளுட்டயிருந்து எடுத்துட்டீங்களே.”

அவள் சொன்னது அப்படியே சரி. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. உம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலை உம்மா நிந்தவூருக்குப் போனாள். பின்னேரம் திரும்பி வந்தவள் வேறு ஆள். தன்னை டொக்டர் வில்பிரட்டிடம் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி, எது ஆகும் எது ஆகாது என்று அவர் வாயாலேயே கேட்டுக்கொண்டாள். நான் சொன்னால் நம்பமாட்டாளாம், நான் நோன்பு ஆராய்ச்சி நடத்தினவளாம். வீட்டுக்கு வந்து சீனிப் போத்தலை ஸம்ஸியா தாத்தா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். தேங்காய்ப் பால் நின்றது, பேக்கரிப் பாண் நின்றது, வட்டிலப்பத்தின் பெயரே நின்றது. சுட்ட மீன், முருங்கையிலைச் சுண்டல், வல்லாரைச் சம்பல், ஒரு சிறு கோப்பையில் அளந்த சிவப்பரிசிச் சோறு. மூன்று நேரமும் நேரத்துக்குச் சாப்பாடு. பட்டினி கூடாது என்று டொக்டர் சொன்னதை அவள் குர்ஆன் மாதிரி பிடித்துக்கொண்டாள் என்று சொல்ல வாய் வருகிறது, உம்மா கேட்டால் அடிப்பாள்.

பெரிய வேலை தெருவில்தான் நடந்தது. வீடு வீடாக ஏறினாள். “என்ட மருமகன் ராத்தாக்கு ஈரல் குடுக்கப் போறார். அவருக்கு ஒரு தட்டு அனுப்பினீங்க எண்டா ஜெமீலாட உசிருக்குத் தடை போடுறீங்க. நன்மை வேணும் எண்டா துஆச் செய்யுங்க.” அன்றோடு தட்டு நின்றது. ஒரு தொதல் துண்டுகூட எங்கள் வாசலைத் தாண்டவில்லை.

மாப்பிள்ளை மெலியத் தொடங்கினார். போன வருடமாக இருந்தால் உம்மா வெளியில் தலைகாட்டியிருக்க மாட்டாள். இப்போதோ அவருடைய காற்சட்டைகளைத் தூக்கிக்கொண்டு அதே தையற்காரியிடம் போனாள், இடுப்பைச் சின்னதாக்க. “பாத்தயா? இன்னும் ரெண்டு விரல் உள்ளுக்கு எடு” என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். அவர் பின்னேரம் கடற்கரையில் வேகமாக நடக்கும்போது தோணி இழுக்கிற மனுஷர்கூட ஸலாம் சொல்லி, “எப்பிடி ஈரல்?” என்று கேட்டார்கள். நானும் கூட நடந்தேன். மூச்சு வாங்க வாங்க, இப்போது காவல் விலகியிருக்கும், இப்போது நொதியம் உள்ளே போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டு வருவேன். “வட்டவிதானைக்குச் சம்பளம் கூட்டிக் குடுப்பம்” என்பார் அவர்.

மதினி அந்த நாட்களில் ஒருமுறை நினைவு தடுமாறி, இரண்டு நாள் ஆசுபத்திரியில் இருந்தார். தன் பிள்ளைகளின் பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிட்டாராம். அதைக் கேட்ட அன்று றிபாத் வைத்த சோற்றையும் சாப்பிடாமல் எழுந்தார். உம்மா அவருடைய கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தாள். “பட்டினி கிடந்தாலும் கெட்டுப் போகும். அளவுக்குச் சாப்பிடுங்க மகன். ராத்தாக்காகச் சாப்பிடுங்க” என்றாள். அவர் அழுதுகொண்டே சாப்பிட்டார்.

மறுபடி கொழும்பு. இந்த முறை உம்மாவும் வந்தாள். ஸ்கேன் அறைக்கு வெளியே அவள் தஸ்பீஹ் மணி உருட்டினாள், நான் நகத்தைக் கடித்தேன். நிபுணர் படத்தைப் பார்த்தார், பழைய படத்தைப் பார்த்தார், றிபாத்தைப் பார்த்தார். “கொழுப்பு நூற்றுக்கு ஏழுதான், போதும்” என்றார். “எப்படிச் செய்தீர்கள்?” றிபாத் மாமியின் பக்கம் கையைக் காட்டினார். டொக்டர் எழுந்து நின்று உம்மாவுக்கு நன்றி சொன்னார். உம்மாவுக்கு வெட்கம் வந்து முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

சத்திரசிகிச்சை நடந்த நாளைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை. காலையில் இரண்டு கட்டில்கள் உள்ளே போயின, பொழுது சாயும்போது இரண்டும் வெளியே வந்தன. அல்ஹம்துலில்லாஹ்.

ஒரு கிழமைக்குப் பிறகு, நோயாளர் வாட்டில் இருந்த இளம் டொக்டர் ஆகிலா றிபாத்தின் மிச்ச ஈரலை ஸ்கேன் செய்தார். திரையைப் பார்த்தபடி, “கொஞ்சம் கொழுப்புத் தெரியுது” என்றார். நான் நேரே உம்மாவிடம் திரும்பினேன்.

“என்னத்தக் குடுத்தீங்க?”

“அல்லாஹ் மேல ஆணை புள்ள, ஆசுபத்திரிச் சாப்பாட்டத் தவிர ஒரு பருக்கையும் இல்ல!”

டொக்டர் ஆகிலா சிரித்துவிட்டார். “உம்மாவப் பேசாதீங்க. இதுக்குப் பயப்படத் தேவையில்ல. வெட்டின ஈரல் வளரத் தொடங்கினா முதல்ல கொஞ்சம் கொழுப்பைத் துளித் துளியாச் சேர்க்கும் எண்டு ஆராய்ச்சியில கண்டிருக்காங்க. புதுக் கலம் கட்டுறதுக்கு அதுதான் விறகும் சாமானும். வளர்ந்து வரும்போது அதுவாக் குறையும். அளவிலயே வித்தியாசம் தெரியுது, பாருங்க. வளருது.”

மூன்று மாதம் நாங்கள் விரட்டி விரட்டி அடித்த அந்தத் துளிகள் இப்போது அவருக்குள் ஈரலைக் கட்டிக்கொண்டிருந்தன. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தச் சாம்பல் நிறப் படம் அவ்வளவு அழகாக இருந்தது.

“அப்ப கொழுப்பு கெட்ட சாமான் இல்ல” என்றாள் உம்மா, வழக்கில் வென்றவளைப் போல.

“நேரமும் அளவும்தான், உம்மா” என்றார் டொக்டர். “இனி ரெண்டு பேருக்கும் நல்லாச் சாப்பிடக் குடுங்க. மீன், முட்டை, பருப்பு.”

அன்று பகல் உம்மா, நாங்கள் தங்கியிருந்த வீட்டில் மீன் குழம்பும் குழைந்த சோறும் ஆக்கிக்கொண்டு வந்தாள். றிபாத் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார். உம்மா முதல் பிடியை உருட்டி அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனபோது கதவு திறந்தது. மச்சான் ஒரு பக்கமும் தாதி ஒரு பக்கமும் பிடித்திருக்க, மதினி மெல்ல மெல்ல நடந்து வந்து நின்றார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் இரண்டும் வெள்ளையாக இருந்தன. அந்தக் கண்களை அப்படி நான் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

அவர் தம்பியைப் பார்க்கத்தான் வந்திருந்தார். ஆனால் பார்வை தட்டிலேயே நின்றுவிட்டது.

“மாமி” என்றார், குரல் இன்னும் கம்மியிருந்தது. “எனக்குப் பசிக்கிது.”

பல மாதமாக அந்த வாயிலிருந்து வராத சொல் அது. உம்மாவின் கை நடுவழியில் நின்றது. றிபாத் வாயைத் திறந்தபடியே ராத்தாவைப் பார்த்தார். பிறகு மாமியின் கையைப் பிடித்து அவர் பக்கம் திருப்பிவிட்டார்.

“அங்க குடுங்க மாமி” என்றார். “என்ட மற்றப் பாதி அங்கதானே இரிக்கி.”

தாதி டொக்டரிடம் கேட்டு வந்து தலையாட்டியதும் உம்மா வேறு தட்டில் சோறு போட்டாள். மதினி நாற்காலியில் உட்கார்ந்து, முகக்கவசத்தைக் கழற்றி, ஒருவரும் ஊட்டிவிடாமல், தன் கையாலேயே சாப்பிட்டார். மெதுவாகத்தான் சாப்பிட்டார். தட்டு காலியானதும் அதை உம்மாவிடம் நீட்டினார்.

“இன்னும் கொஞ்சம் வைங்க” என்றார்.